கடைசிப் பக்கத்தில் ஒரு நாய்

என் தங்கை ஒரு நாயோடு வாழ்கிறாள் என்று அவளுடைய புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் அச்சடித்திருக்கிறது. பச்சைப் பொய். நாயைக் கண்டால் கதிரைக்கு மேல் ஏறி நிற்கிற ரகம் அவள். ஒருமுறை இங்கே ஆக்லாந்துக்கு வந்திருந்தபோது, பிளாக்ஹவுஸ் பே கடைத்தெருவில் ஒரு கிழவர் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்த முயல்குட்டியளவு நாய்க்குப் பயந்து என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

“அப்ப ஏனடி நாய் எண்டு எழுதினனீ?” என்று கேட்டேன்.

“எல்லாரும் நாய், பூனை எண்டு போடுகினம் அக்கா. எனக்கு மட்டும் ஒண்டுமில்லையெண்டால் ஒரு மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டில ஒண்டு நிக்குது. வேலிக்கு அந்தப் பக்கம்தான்.”

அவள் டொராண்டோவில் இருந்துகொண்டு சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் படப் புத்தகம் எழுதுகிறாள். நான் வெஸ்ட்கேட் பக்கம் ஒரு நூலகத்தில், சிறுவர் பகுதியில் வேலை செய்கிறேன். அதனால் இந்தக் கடைசிப் பக்கங்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். ஒரு மாதம் எங்கள் நூலகத்தில் கனடாவின் சிறுவர் எழுத்தாளர்களுக்கென்று ஒரு தட்டு ஒதுக்கினார்கள். ஒவ்வொருவரின் வாழ்க்கையையும் நாலு வரியில் எழுதி அட்டையாக நிறுத்த வேண்டும். உனக்குத்தானே கனடா முழுக்கச் சொந்தக்காரர் என்று மேலாளர் அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்.

உட்கார்ந்து எல்லாரையும் வாசித்தேன். ஒருவர் கோதுமை வயல்களின் நடுவே, எல்லா வகுப்புக்கும் ஒரே அறை என்றிருந்த பள்ளியில் படித்தவர். ஒருவர் மீன்பிடித் துறையில் பிறந்து, வலைக்குப் போகப் பயந்து கதை எழுத வந்தவர். பூர்வகுடிப் பெண் ஒருவரின் தாயைச் சிறுவயதில் வீட்டிலிருந்து பிடுங்கி விடுதிப் பள்ளியில் போட்டிருக்கிறார்கள். மறந்துபோன தாய்மொழியை மகள் வயதான பிறகு படித்து, அதில் எண்ணுப் புத்தகம் எழுதியிருக்கிறார். கரீபியத் தீவிலிருந்து வந்த ஒருவர் முதல் நாள் பனியை உப்பென்று நினைத்து நக்கிப் பார்த்திருக்கிறார். தாதி, லாரி ஓட்டியவர், பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைத்தவர் எல்லாரும் இருந்தார்கள். எல்லாரும் கடைசியில் இரண்டு பூனையோடு போய் முடிந்தார்கள்.

ஒன்று மட்டும் எனக்குக் கண்ணில் குத்தியது. வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கெல்லாம் ஒரே ஒரு வரி: ‘இத்தனையாவது வயதில் கனடாவுக்கு வந்தார்.’ எப்படி வந்தார், யாரை விட்டுவிட்டு வந்தார் என்று ஒரு சொல் கிடையாது. அடுத்த வரியிலேயே பல்கலைக்கழகப் பட்டமும் பூனையும் வந்துவிடும்.

என் தங்கையின் அட்டையையும் நான்தான் எழுத வேண்டியிருந்தது. ‘ஒன்பது வயதில் தாயோடும் இரு தம்பிமாரோடும் கனடாவுக்கு வந்தார். மூன்று பிள்ளைகளில் மூத்தவர்.’ என் கையாலேயே எழுதி நிறுத்தினேன். உண்மையில் அவள் இரண்டு பிள்ளைகளில் இளையவள். மூத்தவள் நான்.

விஷயம் இதுதான். எங்கள் அம்மாவின் அக்கா, எங்களுடைய பெரியம்மா. அவருடைய புருசன் முன்பே கனடாவுக்குப் போய், மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் கூப்பிட மனுப் போட்டிருந்தார். மூத்தது பெண். சண்டை நேரம், இடம்பெயர்ந்து போன இடத்தில் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் அந்தப் பிள்ளை செத்துப்போனது. அது போய்ச் சில கிழமைகளில் கனடாவிலிருந்து விசா வந்தது. மூன்று பிள்ளைகளுக்கும் வந்தது.

செத்த பிள்ளைக்கும் என் தங்கைக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. அம்மாவும் பெரியம்மாவும் ஒரு பின்னேரம் பேசி முடிவெடுத்தார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். “ஒண்டாவது தப்பட்டும்” என்றார் அம்மா. பெரியம்மா என் தங்கையைக் கூப்பிட்டு, தன் மகளின் பெயரைச் சொல்லி, “இண்டையிலிருந்து இதுதான் உன்ர பேர்” என்றார். பெரியம்மாவை அம்மா என்று கூப்பிட வேண்டும். அம்மாவைச் சின்னம்மா என்று கூப்பிட வேண்டும். தங்கை அழுதபோது, “பெரியம்மாவும் அம்மாதானே, இதிலென்ன அழுகை?” என்று சமாதானம் சொன்னார்கள். எங்கள் ஆட்களின் முறைக்கு அது பொய்கூட இல்லை. பெரியம்மாவின் பிள்ளை எனக்குத் தங்கைதான். தமிழில் அவள் எனக்குத் தங்கையாகவே இருந்தாள். ஆங்கிலத்தில்தான் நான் அவளுக்கு வெறும் கசின் ஆகிப்போனேன்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். எங்கள் வீட்டில் ஒரேயொரு பொய் சொல்லி ஒரு பிள்ளையை உயிரோடு அனுப்பினோம். எனக்கு அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பொய்க்குமேல்தான் இன்றைக்கும் அவளுடைய வீடும் பிள்ளைகளும் புத்தகங்களும் நிற்கின்றன. அதனால்தான் இங்கே நான் ஒருவருடைய பெயரையும் எழுதவில்லை. வாசிக்கிறவர்கள் கோபிக்கக் கூடாது.

போகும்போது பெரியம்மா செத்த மகளின் படத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். இருந்ததே அந்த ஒரு படம்தான். கனடாவில் சுவரில் மாட்டி மாலை போட்டால் வருகிறவர்கள் இது யார் என்று கேட்பார்கள். அந்தப் பெயரில்தான் ஒரு பிள்ளை அந்த வீட்டில் ஓடி விளையாடுகிறதே! அம்மா அதை ஊரூராகக் காவித் திரிந்து, கடைசியில் என்னோடு ஆக்லாந்துக்குக் கொண்டுவந்து, தன் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தார். அவரும் அதை வெளியே எடுத்து மாட்டவில்லை. அக்கா மாட்டாத படத்தை நான் எப்படி மாட்டுகிறது என்பார்.

தங்கை அங்கே டோனட் கடையில் வேலைக்கு நின்றாள், முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றினாள், பிறகு குழந்தைகள் பராமரிப்பு நிலையமொன்றில் சேர்ந்தாள். மதியம் பிள்ளைகளைத் தூங்கவைக்க ஒரு கோழிக்கதை சொல்வாள். செருப்புக் கேட்டு வீடு வீடாகப் போகும் கோழி. அதைக் கட்டியது எங்கள் அம்மா. ஷெல் அடிக்கும்போது பங்கருக்குள் எங்கள் இரண்டு பேரையும் அசையாமல் இருத்திவைக்கச் சொன்ன கதை. கனடாவில் செருப்பு பனிச் சப்பாத்து ஆனது. அதுதான் முதல் புத்தகம். பேட்டி கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ‘என் அம்மா சொன்ன கதை’ என்றாள். கேட்டவர்கள் பெரியம்மா என்று நினைத்தார்கள். பெரியம்மாவுக்கா கதை! அவருக்கு ஏசத்தான் தெரியும். அதில் அவரை வெல்ல ஆளில்லை.

இத்தனை வருடத்தில் தங்கை அம்மாவை ஒருநாளும் அம்மா என்று கூப்பிடவில்லை. போனிலும் சின்னம்மாதான். நான் ஒருமுறை, போனில் யார் கேட்கப் போகிறார்கள் என்று அம்மாவோடு சண்டை பிடித்தேன். “பழக்கம் மாறினால் வெளியில வாய் தவறிப்போகும். அப்பிடியே கூப்பிடட்டும்” என்று சொல்லிவிட்டார். ஆனால் அவள் போன் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதைக் காதில் பிடித்துக்கொண்டிருப்பார். அதைப் பார்க்க எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

போன வருடம் பெரியம்மா டொராண்டோவில் காலமானார். அதற்குப் பிறகு வந்த புதுப் புத்தகத்தை, கோழி நியூசிலாந்துவரை போகும் புத்தகம், தங்கை எங்களுக்குத் தபாலில் அனுப்பியிருந்தாள். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. இங்கே பிறந்த என் மகளுக்குத் தமிழ் விளங்கும், வாயில் வராது. அவள்தான் பக்கத்தில் இருந்து வாசித்தாள். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். ‘என் அம்மாவின் நினைவுக்கு. முதல் கோழியைச் சொன்னவர் அவர்தான்’ என்று அங்கே இருந்தது. பிள்ளை என்னைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது, பிறகு அம்மம்மா இறந்துவிட்டதாக இதில் போட்டிருக்கிறது என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னது.

அம்மாவுக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும்.

“நான் செத்துப்போனனோ? ஒருத்தரும் சொல்லேல்லையே” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டார். போட்டதைக் குடிக்காமல் சிங்குக்குள் ஊற்றினார்.

நான் விடுவேனா? உடனே டொராண்டோவுக்குப் போன் எடுத்தேன். “எடியே, உயிரோட இருக்கிற மனுசிக்கு மாலை போட்டு வைச்சிருக்கிறாய்! உனக்கென்ன விசரே?” என்று தொடங்கினேன். இடையில் மூச்சு விட்டதாக ஞாபகமில்லை.

அவள் அழுதாள். “பதிப்பகத்தில கேட்டவை அக்கா, கோழிக்கதை சொன்ன அம்மாதானே செத்தவ எண்டு. நான் என்ன சொல்ல? ஓம் எண்டிட்டன். அந்தப் பேரிலதானே எனக்கு எல்லாம் கிடக்கு. சிட்டிசன்ஷிப் கிடக்கு.”

“முழுப் பூசணிக்காயைச் சோத்துக்க மறைக்கிறாய். மறை. ஆனால் பூசணிக்காய் இங்க குந்திக்கொண்டு இருக்குது, அழுகுது. அடுத்த அச்சில அந்தப் பக்கத்தை மாத்து. இல்லாட்டில் இந்த வீட்டுக்கு வராதை.”

பள்ளி விடுமுறைக்கு வந்தாள். தனியாகத்தான் வந்தாள். விமான நிலையத்தில் அம்மாவைக் கட்டிப்பிடித்து, “சின்னம்மா, மெலிஞ்சு போனியள்” என்றாள். “வந்திட்டியே, வா” என்றார் அம்மா. புத்தகத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. அடுத்த நாள் முதல் புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, நண்டு என்று சமைத்துத் தள்ளினார். நான்தான் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு நாளும் அந்தப் பக்கத்தை இழுத்தேன். தங்கை தலையைக் குனிந்து நண்டுக் கால் உடைத்தாள். “சாப்பிடேக்க என்ன கதை?” என்று அம்மா என்னைத்தான் அதட்டினார். நியாயம் கேட்கிறவளுக்கு எப்போதும் இதுதான் கதி.

எங்கள் நூலகத்தில் கதை நேரம் நடத்துகிறவர் மதுரைப் பக்கத்துப் பெண். கனடா எழுத்தாளர் என் பெரியம்மா மகள், வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று நான் வாய் தவறிச் சொன்னதுதான் தாமதம், “ஆமா, அப்புறம் என்னங்க? கூட்டிட்டு வாங்க, பிள்ளைங்களோட பேசட்டும்” என்று நாள் குறித்துவிட்டார். அம்மாவும் வருவேன் என்றார். குளிர், வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. சேலைக்கு மேல் என் மகளின் தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கம்பளித் தொப்பியோடு முதல் வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளைகள் தரையில் நெருங்கி இருந்தார்கள். தங்கை வாசிக்கத் தொடங்கினாள். கோழி ஒரு கதவைத் தட்டும், ‘ஒரு சோடி தாருங்கள்’ என்று கேட்கும், கேட்கும்போது கழுத்தை முன்னே வெட்டி ஒரு ஆட்டு ஆட்டும். பங்கருக்குள் அம்மா ஆட்டிய அதே ஆட்டு. நான் பின்னால் நின்று பார்க்கிறேன், முதல் வரிசையில் கம்பளித் தொப்பியும் ஆடுகிறது. அம்மா தன்னை மறந்துவிட்டார். ஒரு வரி ஆங்கிலம் விளங்காமலே, ஒவ்வொரு கதவுக்கும் சரியாகக் கழுத்தை வெட்டினார்.

வாசித்து முடிந்ததும் கேள்வி நேரம். முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமி எழுந்து, அம்மாவைக் கை காட்டி, “அவர் உங்கள் அம்மாவா? இரண்டு பேரும் கோழியை ஒரே மாதிரிச் செய்கிறீர்கள்” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

தங்கையின் முகம் வெளுத்துவிட்டது. அவள் வாயைத் திறக்குமுன் அம்மா கையை ஆட்டினார். “நோ, நோ. ஆன்ட்டி” என்றார். சிரித்துக்கொண்டு, தெளிவாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். ஆங்கிலத்தில் வாய் திறக்காத மனுசி! அன்றைக்கு ஒருநாள் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தது போதாதென்று, என் கண்ணுக்கு முன்னால் மறுபடியும் தூக்கிக் கொடுக்கிறார்.

தங்கை புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள்.

“இல்லை,” என்றாள் ஆங்கிலத்தில். “அவர் என் அம்மா. கோழிக்கதை அவருடையது.”

இத்தனை வருடம் ஒளித்துவைத்தது வெளியே வந்துவிட்டது, கூரை இடியப்போகிறது என்று நின்றேன். ஒன்றும் இடியவில்லை. கையில் புத்தகத்தோடு இருந்த ஒரு பிள்ளை முதல் பக்கத்தை விரித்து, “இதில் உங்கள் அம்மாவின் நினைவுக்கு என்று இருக்கிறதே?” என்றது.

“எனக்கு இரண்டு அம்மா,” என்றாள் தங்கை.

“எனக்கும்தான்,” என்றாள் பல் விழுந்தவள். “ஒரு அம்மா இப்போது என்னைக் கூட்டிப்போக வருவார்.”

அவ்வளவுதான். விஷயம் முடிந்தது. அடுத்த கை உயர்ந்தது. “உங்கள் நாயின் பெயர் என்ன?”

தங்கை என்னைப் பார்த்தாள். “எனக்கு நாய் இல்லை. நாய் என்றால் எனக்குப் பயம்” என்றாள். அதற்குத்தான் பிள்ளைகள் கொதித்துப்போனார்கள். புத்தகத்தில் இருக்கிறதே, புத்தகத்தில் இருக்கிறதே என்று ஒரே கூச்சல். சமாதானப்படுத்த மதுரைப் பெண் பிஸ்கட் டப்பாவைத் திறக்க வேண்டியதாயிற்று. டப்பாவோடு என்னைத் தாண்டிப் போகும்போது, “எனக்கு எப்பவோ தெரியும்ங்க. இங்க நின்னு போன்ல அப்படிச் சண்டை போடுறீங்க, பெரியம்மா பொண்ணுகிட்ட யாருங்க அவ்வளவு உரிமையா சண்டை போடுவா?” என்று காதுக்குள் சொல்லிவிட்டுப் போனார்.

காருக்குள் ஏறியதும் அம்மா தொடங்கினார். “ஏன் சொன்னனீ? நான்தான் ஆன்ட்டி எண்டு சொல்லிப்போட்டனே. ஆரும் கேட்டுக்கொண்டு போய் எங்கையும் சொன்னால்?”

பின் இருக்கையில் தங்கையைக் கண்ணாடியில் பார்த்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நல்ல வேலை செய்தவள்,” என்றேன் நான். “இனி அந்தப் பக்கத்தையும் மாத்தட்டும்.”

“எந்தப் பக்கம்?”

“உங்களைச் சாகடிச்ச பக்கம்.”

“அதைத் தொடக்கூடாது,” என்றார் அம்மா.

எனக்கு வந்த கோபத்தில் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் போகப் பார்த்தேன். “உங்களுக்காகத்தானே நான் இவ்வளவு நாளும் தொண்டை கிழியக் கத்தினனான்!”

“கத்தினனீ, சரி. இப்ப கேள். நினைவுக்கு எண்டு போடுறது செத்த ஆக்களுக்கு. நான் இருக்கிறன், எனக்கென்னத்துக்கு? என்ர அக்கா தன்ர பிள்ளையின்ர பேரைக் கழட்டி இவளுக்குப் போட்டவ. அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லியே இவளைச் சாப்பிடக் கூப்பிட்டிருப்பா, பள்ளிக்கூடம் போக எழுப்பியிருப்பா. ஒவ்வொரு நாளும் கூப்பிட்டிருப்பா. எப்பிடி இருந்திருக்கும் அவவுக்கு? செத்த பிள்ளைக்கு ஒருநாள் வாய் விட்டு அழேல்லை. படத்துக்கு ஒரு பூ வைக்கேல்லை. அவவுக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். கோழியையும் அவவே வைச்சிருக்கட்டும்.”

பெரியம்மாவின் ஏச்சு மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்தது. அந்தப் பெயரை அவர் கூப்பிட்டதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு பின்னாலிருந்து தங்கை சொன்னாள்: “கோபம் வந்தால் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டா. எடியே, மூதேசி எண்டுதான் ஏசுவா. அந்தப் பேரைச் சொல்லி ஒருநாளும் ஏசினதில்லை.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, “காரை ஒடாஹுஹுவுக்கு விடு” என்றார்.

வெஸ்ட்கேட்டிலிருந்து ஒடாஹுஹு என்றால் ஊரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை, அதுவும் வேலை விட்டு எல்லாரும் வீட்டுக்குப் போகிற நேரம். வேறு நாளென்றால் முணுமுணுத்திருப்பேன். அன்றைக்கு உடனே காரைத் திருப்பினேன். அங்கே நாங்கள் வழக்கமாகப் போகும், பூசைச் சாமான் விற்கிற பிஜிக்காரர் கடை பூட்டப் போகும் நேரம். அம்மா தானே இறங்கிப் போய், ஒரு செவ்வந்தி மாலை வாங்கிக்கொண்டு வந்தார். மடியில் வைத்துக்கொண்டு வீடுவரை அதை அமர்த்திப் பிடித்திருந்தார்.

வீட்டில் அலுமாரியைத் திறந்து சேலைகளை ஒவ்வொன்றாகக் கட்டிலில் எடுத்துப் போட்டு, அடியிலிருந்த படத்தை எடுத்தார். இரட்டைப் பின்னலோடு ஒரு பிள்ளை, பள்ளிக்கூடச் சட்டை, சிரிக்கச் சொன்னவரைப் பார்த்து முறைக்கிறது. தங்கை அதை வாங்கிக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தாள். பெயரை எடுத்த பிறகு அந்த முகத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நான் சுவரில் கலண்டரைக் கழற்றி ஆணியைக் காலியாக்கிக் கொடுத்தேன்.

படத்தை மாட்டினாள். “நீ போடு” என்று அம்மா மாலையை அவளிடம் நீட்டினார். தன் பெயரோடு செத்துப்போன பிள்ளைக்கு என் தங்கை மாலையைப் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தபடியே, திரும்பாமல், கேட்டாள்.

“சரியா இருக்கா, அம்மா?”

அம்மா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“இடப்பக்கம் கொஞ்சம் இறங்கிக் கிடக்கு, பிள்ளை,” என்றார்.